குருத்தோலை கட்டிய ஓவன்

மார்ச் மாதம் பிறந்தால் கிளடிஸ் அன்ரியின் வீட்டில் பல் தீட்ட இடம் இருக்காது. குளியலறை ஜன்னலில் கத்தரி, கை கழுவும் இடத்தில் தக்காளி, குளிக்கும் தொட்டியின் விளிம்பில் யோகற் கிண்ணங்களில் ஏதோ ஒன்று. ஏதோ ஒன்று என்று சொல்வதற்குக் காரணம், அன்ரி எதற்கும் பெயர் எழுதி வைப்பதில்லை. “முளைச்சா முகம் தெரியும்தானே” என்பார். வெளியே, மல்வேர்னில் எங்கள் வீட்டு வரிசையின் கார் நிறுத்துமிடத்தில், வண்டி வழித்து ஒதுக்கிய பனி இடுப்பளவு உயரத்தில் கறுத்துப்போய்க் கிடக்கும். உள்ளே அன்ரிக்கு வசந்தம் வந்து ஒரு கிழமை ஆகியிருக்கும்.

நான் மூன்று வருடங்களாக அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறேன். அன்ரியின் கணவர் சூசைதாசன் அங்கிள் என் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். அம்மாவுக்கும் அங்கிளுக்கும் மன்னாரில் வங்காலைதான் ஊர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். கிளிநொச்சியில், விவசாய பீடத்தில் நான்கு வருடம் படித்து வாங்கிய பட்டத்தைச் சட்டம் போட்டு அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். மண், விதை, நாற்று எல்லாம் என் பாடம். இந்த மூன்று வருடத்தில் அன்ரி என்னிடம் கேட்ட ஒரேயொரு விவசாயக் கேள்வி, “றொய்சன், உந்த மண் மூட்டையை மேல தூக்கித் தருவியோ?” என்பதுதான்.

அன்ரியின் ஊர் பாஷையூர். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். பத்தொன்பது வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்து, வந்த மூன்றாம் நாளே ஸ்காபரோவில் ஒரு மஃபின் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஓடும் பட்டியில் வருகின்ற தட்டுகளில் கடதாசிக் கிண்ணம் வைக்கின்ற வேலை. இருபத்தாறு வருடம் அதே இடத்தில் நின்று கிண்ணம் வைத்தார். அந்தக் கிண்ணத்துக்குள் என்ன விழுகிறது, அதில் எவ்வளவு சீனி என்று ஒருநாளும் ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. அந்த வேலையில்தான் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டார். கடைசித் தங்கச்சி ஏஞ்சலாவை ஒன்பது வயதில் கூப்பிட்டுப் படிக்க வைத்தார். தொழிற்சாலையை மூடியபோது அன்ரிக்கு மிஞ்சியவை இரண்டு: மழைக்கு முன்பே உளையும் மணிக்கட்டுகள், தனக்குக் கேக் சுடத் தெரியும் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை.

கேக் ருசி என்று கேட்டால், ருசிதான். பொய் சொல்லமாட்டேன். ஆனால் நடுவில் குழி விழும். ஒவ்வொரு முறையும் விழும். காரணம் எனக்குத் தெரியும். அன்ரி ஓவனை முதலே சூடாக்குவதில்லை. குளிர்ந்த ஓவனுக்குள் மாவை வைத்துவிட்டுப் பிறகுதான் திருகுவார். தொழிற்சாலையில் ஓவன் இருபத்துநாலு மணி நேரமும் எரிந்துகொண்டே இருந்ததாம். அதை ஒருவர் சூடாக்க வேண்டும் என்ற ஒரு வேலை இருப்பதே அன்ரியின் அனுபவத்தில் இல்லை.

“அன்ரி, பத்து நிமிஷம் முதலே போட்டு விடுங்கோ.”

“ஏன், வெறும் காத்தைச் சுடவோ?”

இதற்கு எந்தப் பீடத்திலும் பதில் இல்லை.

அன்ரிக்கும் அங்கிளுக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை, வருகிறவர்கள்தான் கதைப்பார்கள். ஏஞ்சலா அக்காவுக்கு ஒரு மகள், ஸ்டெபனி, எட்டு வயது. அவளுக்கு அன்ரிதான் ஞானத்தாய். அக்கா குடும்பம் பிக்கரிங்கில் புது வீட்டில் இருக்கிறது. எல்லாம் வெள்ளை நிறம்: சுவர் வெள்ளை, சோபா வெள்ளை, நாய்க்குட்டி கூட வெள்ளை. மூன்று வருடத்துக்கு முன்பு ஸ்டெபனியின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு அன்ரி ஒரு கேக் செய்துகொண்டு போனார். மயில் வடிவம். அங்கே மேசையில் கடையில் செய்வித்த மூன்று தட்டுக் கேக் ஏற்கெனவே நின்றது. அன்ரியின் மயிலைக் குசினிக்குள், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மூடியும் கழற்றாமல் வைத்தார்கள். விருந்து முடிந்தது. மயில் முழுசாக வீட்டுக்குத் திரும்பி வந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிது. கார் ஓட்டியவன் நான்தான். பிக்கரிங்கிலிருந்து மல்வேர்ன் வரை அன்ரி அந்தப் பலகையை மடியில் வைத்திருந்தார். ஒரு சொல் பேசவில்லை. அன்ரி பேசாமல் இருந்தால் எவ்வளவு பயமாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே இந்த வருடம் ஸ்டெபனிக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா, என்று பெப்ரவரியில் செய்தி வந்தபோது நானும் அங்கிளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிக்கரிங்கில் அந்த வெள்ளைக் குசினியில் வைத்து அன்ரி தங்கச்சியிடம் நேரே கேட்டுவிட்டார்.

“ஏஞ்சலா, நான் பிள்ளையின்ர ஞானத்தாய். கேக் நான்தான் செய்வன். வாற ஆக்களுக்குக் குடுக்கிறதும் நான்தான். ஆளுக்கொரு மிளகாய்க் கண்டு, ரின்னிலை பெயின்ற் பண்ணி.”

ஏஞ்சலா அக்கா கணக்காளர். எதற்கும் நிபந்தனை இல்லாமல் ஓம் சொல்லமாட்டார்.

“சரியக்கா, செய்யுங்கோ. ஆனா மே ஒன்பதாம் திகதி, விருந்தண்டு காலமை வந்து ‘முளைக்கேல்லை’ எண்டு சொல்லக் கூடாது. ஈஸ்ரருக்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் பன்னிரண்டு, நான் வந்து பாப்பன். நாப்பது ரின்னிலையும் இலை நிக்கவேணும். வெறும் மண்ணைக் காட்டி நாளைக்கு வரும் எண்டு கதை விடக் கூடாது. இல்லையெண்டா வாற ஆக்களுக்குக் குடுக்க நான் கடையிலை மெழுகுதிரி ஓடர் பண்ணிப்போடுவன். கேக்கும் கடையிலைதான். பிறகு என்னோடை கோவிக்கப்படாது.”

“ஓம்” என்றார் அன்ரி.

அன்றிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை. தேங்காய்ப்பால் ரின்கள் நாற்பது சேரும் வரைக்கும் சோற்றுக்குப் பால்கறி, இடியப்பத்துக்குச் சொதி, மீனுக்குச் சொதி, ஒரு நாள் எதுவும் இல்லாமல் வெறும் சொதி. அங்கிள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பிற்பகல் வந்ததும் ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்து ரின்களின் அடியில் ஓட்டை போடுவார். அன்ரி சாப்பாட்டு மேசை முழுவதும் பேப்பர் விரித்துப் பெயின்ற் அடித்தார். மூன்று கிழமை நாங்கள் சோபாவில் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். வெள்ளைப் பின்னணியில் ஒரு சிவப்பு மிளகாய், அதன் கீழே வரப்போகும் குடும்பத்தின் பெயர். சில மிளகாய்கள் மிளகாய் மாதிரி இருந்தன.

அங்கிள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “இஞ்சாரும், உது கஸ்பரின்ர மூக்கெல்லோ?”

“பேரைப் பாருங்கோ. கஸ்பர் வீட்டுக்குத்தான் உது.”

மிளகாய் விதை போட்டது மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாளில். மிளகாயை மட்டும் எல்லா வருடமும் அன்றைக்குத்தான் போடுவார். கணவரின் பெயர்கொண்ட புனிதர் கைவிடமாட்டாராம். மிளகாய் விதை முளைக்கச் சூடு வேண்டும். அந்தக் கணவரோ வீட்டுச் சூட்டைப் பத்தொன்பது பாகைக்கு மேலே ஏற்ற விடுவதில்லை. விதைத் தட்டுக்குக் கீழே விரிக்கின்ற மின்சார விரிப்பு ஒன்று இருக்கிறது, வாங்குவோம் என்றேன். அன்ரி என்னைக் கேட்காமல், மரியம்மா அன்ரிக்குப் போன் எடுத்தார். மரியம்மா அன்ரி பிரிம்லி பக்கத்தில் பதினான்காம் மாடியில் இருக்கிறவர், வாழ்நாளில் மண் தொட்டவரில்லை. அவர் சொன்ன வழி: ஓவனுக்குள் வைத்து லைற்றை மட்டும் போட்டு விடு.

தப்பான வழி என்று சொல்லமுடியாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

முதலில் ஓவனுக்குள் இருந்தவற்றை வெளியே எடுக்கவேண்டும். தெரிந்ததுதானே, எங்கள் ஆட்கள் வீட்டு ஓவன் என்றால் அது தாச்சி அலுமாரி. ஐந்து தாச்சி, இரண்டு தோசைக்கல், ஒரு புட்டுப் பானை, கைப்பிடி போன ஒரு சட்டி. எல்லாம் என் அறைக்கு வந்தன. ஓவனுக்குள் நான்கு முட்டைப் பெட்டிகள் போயின, பிளாஸ்ரிக் பெட்டிகள், குழிக்கு ஒரு விதை. கதவில் ஒரு மட்டை ஒட்டினார்: “விதை இருக்கு. சுடாதை.”

இதுவரை ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு குருத்து ஞாயிறு வந்தது.

கோயிலில் கொடுத்த ஓலைகளில் அன்ரி பதின்மூன்று சிலுவை மடித்தார். வருடா வருடம் மடிப்பார். வாசற்கதவில் ஒன்று, ரீவியில் ஒன்று, ஃபிரிட்ஜில் ஒன்று, காரில் ஒன்று, கீழே சூட்டு இயந்திரத்தில் ஒன்று, என் பட்டத்தின் சட்டத்தில் ஒன்று. ஓவன் கைப்பிடியிலும் ஒன்று கட்டினார். அதே நாளில் அந்த மட்டையைக் கழற்றிவிட்டார். ரேப் பிடிக்கவில்லையாம். மட்டையின் மறுபக்கத்தில் கடைச் சாமான் எழுதினார். இனிமேல் அந்தச் சிலுவைதான் “சுடாதை” என்பதற்கு அடையாளம் என்று அன்ரி தீர்மானித்தார். தீர்மானித்ததை யாரிடமும் சொல்லவில்லை. அங்கிளிடம் இல்லை, என்னிடம் இல்லை, மரியம்மா அன்ரியிடம்கூட இல்லை.

பெரிய வியாழன் பிற்பகல் அன்ரி கோயிலுக்குப் பீடம் சோடிக்கப் போனார். நான்கு மணிக்கு வந்து கேக் அடிக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். முதல் நன்மைக் கேக்குக்கு ஒரு மாதிரி. படம் எடுத்து ஏஞ்சலா அக்காவுக்கு அனுப்பவேண்டும். மேசையில் பட்டர் இளகிக்கொண்டிருந்தது, முட்டை எண்ணி வைத்திருந்தது. எனக்கு அன்று வேலை இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த நல்ல எண்ணம் வந்தது. இந்தக் கேக்காவது குழி விழாமல் வரட்டும். அன்ரி வரும்போது ஓவன் சூடாக இருக்கட்டும்.

நான் கண்ணை மூடிக்கொண்டு திருகவில்லை. யோசித்துத்தான் திருகினேன். மட்டை இல்லை. என் அறை ஜன்னலில் அதே மாதிரி முட்டைப் பெட்டிகள் நான்கு இருந்தன, முளையோடு. ஆகவே விதை முளைத்துக் கீழே வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். கைப்பிடியில் குருத்தோலைச் சிலுவை இருந்தது. கேக்குக்கு ஆசீர்வாதம் என்று நினைத்தேன். அதை மெதுவாகத் தொட்டு, நெற்றியில் சிலுவை அடையாளமும் போட்டுவிட்டு, முந்நூற்றைம்பதில் வைத்தேன். பிறகு கீழே குளிக்கப் போனேன்.

ஜன்னலில் இருந்தது தக்காளி.

புகை மணி அடித்தபோது தலையில் சோப்போடு ஓடி வந்தேன். அங்கிள் அப்போதுதான் பஸ் விட்டு வந்து, சப்பாத்தும் கழற்றாமல், துவாயால் மணிக்கு விசிறிக்கொண்டிருந்தார். ஓவனைத் திறந்தோம். நான்கு முட்டைப் பெட்டிகளும் உருகி, கம்பித் தட்டின் ஊடாக வழிந்து, அடியில் ஒரு குளமாக நின்றன. அதன் மேல் மண், பொரித்த மாதிரி.

“தம்பி,” என்றார் அங்கிள், “நான் இப்ப இஞ்ச வரேல்லை. நான் இன்னும் பஸ்ஸிலை நிக்கிறன்.”

ஆனால் போகவில்லை. பக்கத்தில் நின்றார்.

அன்ரி வந்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடப்பதைப் பார்த்தார், மணத்தை முகர்ந்தார், ஓவனுக்குள் குனிந்து பார்த்தார். நிமிரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“நேற்றுத்தான் ஏழு தலை காட்டினது” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அப்போது அவர் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். ஆனால் அவர் திரும்பி அந்தக் கைப்பிடியைக் காட்டிக் கேட்டார்: “உதிலை சிலுவை கட்டியிருந்தது கண்ணுக்குத் தெரியேல்லையோ?”

“தெரிஞ்சது அன்ரி.”

“தெரிஞ்சுகொண்டு திருகினீரோ?”

அன்ரி “நீர்” என்றால் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது என்று பொருள்.

“அன்ரி, வீடு முழுக்கச் சிலுவை! ஃபிரிட்ஜிலையும் இருக்கு. அப்ப ஃபிரிட்ஜையும் திறக்கக் கூடாதோ? ரீவியிலை இருக்கு. அங்கிள் நேற்று முழுக்க நியூஸ் பாத்தவர்!”

“என்னை ஏன் இழுக்கிறாய்?” என்றார் அங்கிள்.

“குருத்தோலை கட்டினதை மனுசர் தொடுவினமோ?”

“எழுதியிருக்கலாமே!”

“எழுதினது விழுந்திட்டுதே!”

இப்படியே கால் மணித்தியாலம் போனது. பிறகு அன்ரி கதிரையில் உட்கார்ந்தார். மேசையில் நாற்பது ரின்கள் வரிசையாக நின்றன, நாற்பது சிவப்பு மிளகாய்களோடு, வெறும் வயிறாக. அன்ரி அவற்றைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே, “கடைக் கேக்கைத்தான் வைக்கப்போறாள்” என்றார்.

அங்கிள்தான் மெதுவாகச் சொன்னார்: “மார்க்கம் றோட்டிலை நேர்சரியிலை மிளகாய்க் கண்டு விக்கிறாங்கள். நாப்பது வாங்கி வைச்சா ஆருக்குத் தெரியும்?”

அன்ரி அவரைப் பார்த்த பார்வையில் அவர் திரும்பவும் பஸ்ஸுக்குப் போக விரும்பியிருப்பார். “பிள்ளை இப்பத்தான் சாமியாரிட்டைப் பாவத்தைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்து வந்திருக்குது. அதின்ர விருந்திலை நான் நாப்பது பொய்யை அடுக்கி வைக்கிறதோ?”

சரி, என் பாடத்துக்கு வந்தேன். தக்காளி போடுவோம் என்றேன். ஜன்னலில் நிற்பதை அன்ரி ஏற்கெனவே கோயில் ஆட்களுக்குப் பங்கு பிரித்துவிட்டார், புதிதாகத்தான் போடவேண்டும். ஏழு நாளில் முளைக்கும், மே ஒன்பதுக்குச் சரியான பருவத்தில் கையளவு கண்டாக நிற்கும், எந்தக் கரைச்சலும் இல்லை. தாளில் திகதி எல்லாம் எழுதிக் காட்டினேன்.

“பன்னிரண்டாம் திகதி இலை நிக்குமோ?”

“முதல் வாற இரண்டு வித்திலை நிக்கும். நூல் மாதிரி.”

“ஏஞ்சலா கண்ணாடி போட்டும் அதைக் காணமாட்டாள். பயித்தங்காய் போடுவம். நாலு நாளிலை எழும்பி நிக்கும்.”

“அன்ரி, அது கொடி! மே மாசம் வரேக்கை ஒண்டை ஒண்டு பின்னி, வீட்டைச் சுத்தி நிக்கும்!”

“நீ மே மாசத்துக்குப் பதில் சொல்லுறாய். எனக்குப் பன்னிரண்டாம் திகதிக்குப் பதில் வேணும்.”

போன கோடையில் பின்வளவில் முழ நீளத்துக்குக் காய்த்த சிவப்புப் பயற்றங்காயின் விதை மாத்திரைப் போத்தல் ஒன்றில் இருந்தது. அன்றிரவு கோயிலில் கால் கழுவும் பூசைக்குப் போவதற்கு முன்பே ரின்னுக்கு இரண்டு விதை போட்டாயிற்று. எங்கே வைப்பது? வீட்டில் சூடான இடம் ஒன்றுதான், சூட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள என் அறை. தாச்சிகளோடு நாற்பது ரின்களும் என்னோடு குடிவந்தன. கட்டிலுக்கு ஏற நான் ரின்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் நடந்தேன்.

மிச்சமிருந்தது அந்த மிளகாய். பயற்றங்காய் நிற்கின்ற ரின்னில் மிளகாய் கீறியிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நாற்பதையும் வெள்ளை அடித்துத் திரும்பக் கீறவேண்டும் என்று நான் சொன்னேன். அன்ரி ஒரு ரின்னை எடுத்துச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். பிறகு சிவப்பில் தூரிகையைத் தோய்த்து மிளகாயின் நுனியில் வைத்தார், ரின்னைத் திருப்பினார். மிளகாய் நீண்டது. பெயருக்கு மேலால் போய், பின்பக்கம் சுற்றி, ஒரு சுற்று வந்து, நுனி கொஞ்சம் சுருண்டு நின்றது. சிவப்புப் பயற்றங்காய்!

நான் வாயைத் திறக்கவில்லை. நல்லது என்று சொன்னால் எல்லாவற்றையும் என்னைக் கொண்டு செய்விப்பார் என்று தெரியும். சொல்லாமலே செய்வித்தார். பெரிய வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் இருபத்தாறு மிளகாய் நீட்டினேன். கஸ்பரின் மூக்கையும் நான்தான் நீட்டினேன். அங்கிள் சவர அலகால் ஓவனுக்குள் சுரண்டினார். சுரண்டி என்ன? உயிர்த்த ஞாயிறுக்கு அன்ரி சுட்ட கேக் புதுக் காருக்குள் இருக்கின்ற மணம் மணந்தது. மூவரும் ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கீழே வைத்தோம். அதற்கும் குழி விழுந்திருந்தது.

பன்னிரண்டாம் திகதி பூசை முடிந்து ஏஞ்சலா அக்கா வந்தார். நாற்பது ரின்களையும் மேலே தூக்கி வைத்திருந்தோம். எல்லாவற்றிலும் பயிர் நின்றது. விரல் நீளத் தண்டு, உள்ளங்கையை விரித்த மாதிரி இரண்டு இலை. அன்ரி சீலை கட்டியிருந்தார். தங்கச்சி வந்து செடி பார்ப்பதற்குச் சீலை!

ஸ்டெபனி தன் பெயர் உள்ள ரின்னைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள். “பெரியம்மா, இது ஸ்னேக்கா?”

“இல்லையம்மா. பயித்தங்காய்.”

ஏஞ்சலா அக்காவின் புருவம் உயர்ந்தது. “அக்கா, நீங்கள் மிளகாய் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

அங்கிள் கூரையைப் பார்த்தார். நான் முன்னால் வந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கேக், நல்ல எண்ணம், முந்நூற்றைம்பது, தக்காளி எல்லாம். அந்தச் சிலுவையைத் தொட்டு நெற்றியில் அடையாளம் போட்ட இடத்தை விட்டுவிட நினைத்தேன். அங்கிள் அதை ஞாபகப்படுத்தினார்.

“அவன்ர பிழை இல்லை ஏஞ்சலா,” என்றார் அன்ரி. “நான் அடையாளம் சரியா வைக்கேல்லை.” மூன்று வருடத்தில் முதல்முறையாக அன்ரி என் பக்கம் நின்றார். நான் நெகிழ்வதற்குள், “எண்டாலும் படிச்ச பிள்ளை, ஒருக்காத் திறந்து பாத்திருக்கலாம்” என்றார்.

“இலை நிக்குதுதானே,” என்று கேட்டார் பிறகு. குரல் சின்னதாக இருந்தது. “நீ இலைதானே கேட்டனீ.”

ஏஞ்சலா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் தோள் குலுங்குகிறது. கண்ணில் தீட்டிய மை வழியும் வரைக்கும் சிரித்தார்.

“அக்கா, போன நத்தாருக்கு நான் என்ர ஓவனுக்குள்ளை மூண்டு தாச்சியை வைச்சுச் சுட்டனான். கைபிடியெல்லாம் உருகி. என்ர மனுசனுக்கு இண்டைக்கும் தெரியாது.”

“உன்ர வீட்டிலையும் ஓவனுக்குள்ளை தாச்சியோ?” அன்ரி நம்பவில்லை. “அந்த வெள்ளைக் குசினியிலையோ?”

“வேற எங்கை வைக்கிறது?”

அக்கா மூக்கைச் சுருக்கி ஓவன் பக்கம் பார்த்தார். “ரின் ஓகே. ஆனா உந்த ஓவனிலை கேக் சுடேலாது. வீடே பிளாஸ்ரிக் மணக்குது.” அன்ரியின் முகம் விழுவதை அவர் கண்டிருக்கவேண்டும். “முதல் நாள் பிக்கரிங்குக்கு வாங்கோ. அங்கை வைச்சுச் சுடுங்கோ. தாச்சியெல்லாம் எடுத்து வைக்கிறன்.”

அதோடு கதை சுபம் என்று நினைத்தால் நீங்கள் பயற்றங்கொடியை அறியாதவர்கள். நான் சொன்னது எல்லாம் நடந்தது. சொன்னதைவிட மோசமாக நடந்தது. ஏப்ரல் முடிவில் கொடி ரின்னை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது. குச்சி நட்டோம், குச்சியைத் தாண்டியது. மே முதல் கிழமை ஒன்றையொன்று பிடித்து, தாச்சிக் கைப்பிடிகளைப் பிடித்து, என் சேட்டுக் கையைப் பிடித்து, சுவரில் ஏறி, என் பட்டத்தின் சட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றியது. வெளியே வைத்தால் குளிரில் போய்விடும், உள்ளே இருந்தால் நான் போய்விடுவேன். அன்ரி வந்து எட்டிப் பார்த்து, “வடிவா வருது” என்றார்.

எட்டாம் திகதி அன்ரி பிக்கரிங்கில் கேக் சுட்டார். நானும் கூடப் போனேன், ஓவனைத் திருக. அக்கா முதலே சூடாக்கி வைத்திருந்ததால் எனக்கு வேலை இருக்கவில்லை. கேக் குழி விழாமல் எழுந்து நின்றது. நான் அன்ரியைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

“என்ன பாக்கிறாய்? இஞ்சத்தை முட்டை பெரிசு” என்றார்.

ஒன்பதாம் திகதி, விருந்து மண்டபத்தில், நான் சேட்டைக் கழுசானுக்குள் விட்டு, சப்பாத்து மினுக்கி வந்தவன், தரையில் முழங்காலில் நின்றேன். என் முன்னால் நாற்பது ரின்களும் ஒரே வேலியாக நின்றன. மக்கள் வரிசையாக வந்து தங்கள் பெயரைக் காட்ட, நான் கொடியைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன்.

“தம்பி, எங்கடையை முறிச்சுப் போடாதையும்!”

“கஸ்பர் அங்கிள், கொஞ்சம் பொறுங்கோ, உங்கடை மற்றவையோடை கட்டிக்கொண்டு நிக்குது.”

“அது எங்கட குடும்பத்துக்கே உள்ள பழக்கம்!”

பின்னாலிருந்து அன்ரியின் குரல்: “றொய்சன், மெல்லமாய்! உனக்கு ஆர் பட்டம் தந்தது?”

நடு மேசையில் கேக் நின்றது. வெள்ளை ஐசிங், ஓரத்தில் பொன் நிறக் கதிர்கள், மேலே புறா. அந்தப் புறா அன்றைக்குத் திரும்பி வந்த மயில்போலவே கொஞ்சம் கொழுத்திருந்தது. மேசையில் வேறு கேக் இல்லை. நான் எழுந்து இடுப்பை நிமிர்த்தியபோது மூன்று துண்டுகள் இருந்தன. கை கழுவி வரும்போது ஒன்றும் இல்லை. எனக்கும் இல்லை.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். அங்கிள் முன்னால் நித்திரை. அன்ரி பின்னால், வெறும் கேக் பலகையை மடியில் வைத்திருந்தார். வெறும் மட்டைப் பலகை, குப்பையில் போடலாம், நானே போடக் கேட்டேன், தரவில்லை. நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறியதிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். மரியம்மா இரண்டு துண்டு எடுத்ததைக் கண்டாராம். புறாவின் தலையை ஸ்டெபனி தனக்கென்று கேட்டு வாங்கினாளாம்.

“வாற வருஷம் மிளகாயை வெள்ளனவே போடவேணும்,” என்றார். “எங்கட ஓவனும் அதுக்குள்ளை மணம் விட்டிடும். ஆனா அடையாளத்துக்கு என்ன வைக்கிறதெண்டுதான் யோசிக்கிறன்.”

“எழுதி ஒட்டுங்கோ அன்ரி. பெரிய எழுத்திலை. நல்ல ரேப் நான் வாங்கித் தாறன்.”

“எழுதினது விழுந்திடும்.” பலகையை மடியில் திருப்பி வைத்தார். “உன்ர பட்டத்தைக் கழற்றிக் கைபிடியிலை கொழுவி விடுறன். அதைத் தாண்டி நீ ஒருநாளும் கை வைக்கமாட்டாய்.”

நித்திரை என்று நினைத்த அங்கிள் சிரித்தார். நான் கண்ணாடியில் பார்த்தேன். அன்ரி பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஐசிங்கை விரலால் வழித்து எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாததால், என் கார் சீற்றில் பூசிக்கொண்டிருந்தார்.